மலைமேல் கொதித்த தண்ணீர்

வேதவல்லி போய்விட்டாள். அவளுடைய மகள் சுமதி காலை ஏழு மணிக்குப் போன் செய்து சொன்னாள். "சித்தி, அம்மா பூட்டாங்க. தூக்கத்துலயே." உறவில்லை, அம்மாவோடு வேலை பார்த்தவள் என்பதால் நான் அவளுக்குச் சித்தி. அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. எனக்கு உடனே அழுகை வந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டாளா, சாவில்கூட இவளுக்குத்தான் முதல் மார்க்கா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் சுமதி என்னைத் தனியாக உட்கார வைத்து, பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள், நீங்கள்தான் முதல் கட்டுரை எழுத வேண்டும் என்றாள். தலையாட்டினேன். பிறகு அவள் குரல் மாறியது. "அப்போ எனுக்கு நாலு வயசு சித்தி. என்ன வுட்டுட்டு வரதய்யபாளையம் பூட்டாங்க. யாரும் தள்ளல, அவங்களே எழுதிக் குடுத்து மாத்திக்கினு போனாங்களாம். நைனாதான் சொல்வாரு. பெத்த பொண்ண வுட வேலதான் பெருசா பூட்ச்சா? எல்லாம் ஆறிப்போச்சி, அது ஒண்ணு மட்டும் இன்னும் ஆறல." நான் கையிலிருந்த பாயச டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதற்குப் பதில் தெரிந்தவள் இப்போது உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடிவு வரை எழுதுவேனா என்று இந்த வரியில்கூட எனக்கு நிச்சயமில்லை.

வேதாவை நான் 'அவள்' என்று எழுதுவதைப் படித்து நீங்கள் கோபிக்கக்கூடும். உங்களுக்கு அவள் வேதா டீச்சர். எனக்கு அவள் ஒரே நாளில், ஒரே ரிஜிஸ்டரில், எனக்கு மேல் வரியில் கையெழுத்துப் போட்டவள். புத்தூர் பெண்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு இரண்டு சயின்ஸ் டீச்சர்கள் தேவைப்பட்டார்கள். நான் நகரியிலிருந்து வந்தேன், தறி வீட்டுப் பெண். அவள் கார்வேட்டிநகரத்திலிருந்து வந்தாள், நிலம் நீச்சு உள்ள வீடு. எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் சத்தம் போட்டுப் பாடம் நடத்துவேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரும். என் மாணவிகளின் கண் என் மேல் இருக்கும், காது அங்கே இருக்கும்.

அவள் உஷ்ணம் பாடம் நடத்திய விதத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது புத்தகத்தில் உஷ்ணம், உஷ்ணநிலை என்றுதான் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று நான் போர்டில் நாலு வரி எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்வேன். அவள் எல்லாரையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு அண்டாவில் பச்சைத் தண்ணீர். ஒன்றில் ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். இன்னொன்றில் இரண்டு வாளி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். இப்போது கையை விட்டுப் பாருங்கள் என்றாள். டம்ளர் ஊற்றிய அண்டா அப்படியே ஜில்லென்று இருந்தது. வாளி ஊற்றிய அண்டாவில் குளிக்கலாம் போல இருந்தது. "கொப்புளம் போட்றது உஷ்ணநிலை. குளிப்பாட்டி வுட்றது உஷ்ணம். எது எவ்ளோ சூடுன்றது வேற, மொத்தமா எவ்ளோ இருக்குதுன்றது வேற. புரிஞ்சிச்சா இல்லியா?" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்காக அவள் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். கண்டிப்பானவர். ஒருநாள் அவர் வகுப்பைப் பார்வையிட வந்தபோது, வேதா அவரையே பரிசோதனைக்கு இழுத்துவிட்டாள். ஒரு கை சுடுதண்ணீர்க் கிண்ணத்தில், ஒரு கை பானைத் தண்ணீரில். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் நடுவில் இருந்த ஒரே கிண்ணத்தில் வைக்கச் சொன்னாள். ஒரு கை ஜில்லென்கிறது, இன்னொரு கை சுடுகிறது என்கிறது. தண்ணீர் ஒன்றுதான். பெரிய டீச்சர் குழந்தை மாதிரிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். "கை பொய் சொல்லும் டீச்சர். பாதரசம் பொய் சொல்லாது," என்று வேதா தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டினாள். பள்ளி முழுவதற்கும் அந்த ஒரே ஒரு நீளத் தெர்மாமீட்டர்தான். மரப்பெட்டியில், அலமாரியில் இருக்கும். அன்று முதல் அலமாரிச் சாவி அவளிடம் போனது.

இன்னொரு நாள் அவள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு மாணவியின் டப்பாவிலிருந்து இட்லியை எடுத்து, "இத வேக வெச்சது யாரு?" என்று கேட்டாள். அம்மா என்றாள் அந்தப் பெண். அம்மா இல்லை, விறகு. விறகு எங்கிருந்து வந்தது? மரம். மரம் எதைத் துன்னு வளர்ந்தது? வெயிலை. வறட்டி? மாடு, புல், வெயில். ரயில் எஞ்சினில் போடும் கரி? மண்ணுக்குள் புதைந்த பழைய காட்டு மரம், அதுவும் வெயில். "அப்போ இந்த இட்லி இன்னா?" "வெயில் டீச்சர்!" என்று கூரை பிய்கிற மாதிரிக் கத்தினார்கள். அவள் இட்லியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மறுவாரம் நான் அதையே என் வகுப்பில் செய்தேன். இட்லியை எடுத்ததும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்குக் குறையே இல்லை என்று இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். இருந்தது. கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரவே மாட்டாள். மற்றவர் டப்பாவில் கேட்காமல் கை வைப்பாள். ஸ்டாஃப் ரூமில் அவள் பேசினால் ரயில் ஸ்டேஷனில் கேட்கும். என் சேலை நிறம் நன்றாக இல்லை என்று ஏழு பேர் முன்னால் சொல்வாள். இதையெல்லாம் எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்ததிலிருந்தே எல்லையைப் பற்றி ஊரில் ஓயாத பேச்சு. புத்தூர் எங்கே, நகரி எங்கே, திருத்தணி எங்கே என்று டீக்கடையில்கூடச் சண்டை. கடைசியில் திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் இந்தப் பக்கம் நின்றோம். அந்தப் பக்கம் வேலை வேண்டும் என்றவர்கள் முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நகரியை விட்டு எங்கும் போக மாட்டேன் என்று நான் வீறாப்பாக இருந்துவிட்டேன். தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்தார்கள். இரண்டு சயின்ஸ் டீச்சரில் இனி ஒருத்திதான், யார் என்று பரிந்துரை எழுதி அனுப்பும்படி சித்தூரிலிருந்து பெரிய டீச்சருக்குக் கடிதம் வந்தது. வேதாவுக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியும், பரீட்சையும் தேறியிருந்தாள், இங்கே இல்லாவிட்டால் ஏதாவது தெலுங்குப் பள்ளியில் போடுவார்கள். எனக்குப் பஸ் போர்டுகூடப் படிக்க வராது. இந்த வேலை போனால் நான் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் இருமிக்கொண்டு தறியில் உட்கார முடியாத நைனாவும், கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். பெரிய டீச்சர் யாரை எழுதுவார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் திருமலைப் பயணம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் பரீட்சைக்கு முன்னால் கடைசி வகுப்புப் பெண்களை மலைக்குக் கூட்டிப்போய்ச் சாமி கும்பிட வைப்பது எங்கள் பள்ளி வழக்கம். இந்த முறை நான் தெர்மாமீட்டர் பெட்டியைக் கேட்டு வாங்கி எடுத்துக்கொண்டேன். ஒரு தடவையாவது நானும் அவள் மாதிரி வெளியில் வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அது பெரிய டீச்சர் காதுக்குப் போக வேண்டும் என்று ஆசை. "பத்திரமா வெச்சிக்கோ. அது என் மூணாவது கண்ணு," என்று சொல்லிக் கொடுத்தாள்.

மலைமேல் சத்திரத்தில் வேதா பாதிப் பெண்களுடன் தரிசன வரிசையில் நின்றாள். மீதிப் பேருடன் நான் சமையல்கட்டுப் பக்கம் போனேன். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "கொதிநிலை எவ்ளோ?" என்று கேட்டேன். "இருநூத்திப் பன்னெண்டு டிகிரி டீச்சர்!" என்று கோரஸாகச் சொன்னார்கள். அப்போதெல்லாம் ஃபாரன்ஹீட் கணக்குத்தான். தெர்மாமீட்டரை உள்ளே பிடித்தேன். ஒரு பெண்ணைப் படிக்கச் சொன்னேன். "இருநூத்தி ஏழு டீச்சர்," என்றாள். சரியாகப் பார் என்று அதட்டினேன். நானே பார்த்தேன். இருநூற்று ஏழு. விறகைத் தள்ளச் சொன்னேன், தண்ணீர் துள்ளிக் குதித்தது, பாதரசம் மட்டும் இருநூற்று ஏழை விட்டு அசையவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் காந்தியது.

சமையல்காரர் கங்காதர நெல்லூர் என்ற ஊர்க்காரர். எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்: "இங்க அப்படித்தாம்மா. கீழ ரெண்டு கட்டையில வேகற பருப்பு இங்க மூணு கட்ட கேக்கும். சாமி மலம்மா, நெருப்பு கூட அடக்கமாத்தான் எரியும்."

"ஈரக் கட்டைய வெச்சிக்கினு சாமி மேல பழியப் போடாதீங்க," என்று அவரை அடக்கினேன். அவர் என் கையில் வைத்துக் கொடுத்த பதிலை நான் கீழே போட்டேன். பெண்களைப் பார்த்து, தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கிறது, வைத்திருந்தவர் ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்று அறிவித்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே பெரிய டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பள்ளியின் ஒரே தெர்மாமீட்டர் ஐந்து டிகிரி குறைவாகக் காட்டுகிறது, பொறுப்பிலிருந்தவரின் அஜாக்கிரதையே காரணம் என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை எழுதியபோது என் கை எவ்வளவு சந்தோஷமாக ஓடியது என்பது எனக்குத்தான் தெரியும். பெரிய டீச்சர் வேதாவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். சித்தூருக்குப் பரிந்துரை போக வேண்டிய வாரம் அது.

வேதா நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "சரோ, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தண்ணிய எங்க கொதிக்க வெச்ச? மல மேலயா, கீழ திருப்பதியிலயா?"

"மல மேலதான். எங்க வெச்சா இன்னா? கொதிக்கிற தண்ணி கொதிக்கிற தண்ணிதானே?"

அவள் நோட்டீசை நாலாக மடித்தாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "சரி," என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தச் 'சரி' என்னைக் குடைந்தது. புதன்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் நான் மட்டும் இருந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றித் தண்ணீர் வைத்தேன். தெர்மாமீட்டரைப் பிடித்தேன். பாதரசம் இருநூற்று ஏழைத் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டாம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஆற வைத்து மறுபடியும் பார்த்தேன், அதே இடம். புத்தகத்தைத் திறந்தேன். உயரமான இடங்களில் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் குறைந்த உஷ்ணநிலையிலேயே கொதிக்கும் என்று இருந்தது. அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. நான் போட்ட கோடுதான். வருஷா வருஷம் பிள்ளைகளை அந்த வரியை ஒப்பிக்க வைத்தவளும் நான்தான். திருமலை உயரமான இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது எனக்குச் சாமி மலை, அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க ஐந்து நிமிஷம் போதும். பெரிய டீச்சர் அறை அடுத்த கதவு. வியாழக்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. கொதிநிலை தெரியாத சயின்ஸ் டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் பாதி. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்: வேதா ஒரு தடவை தோற்றுப் போவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அடுத்த வாரம் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு வேதாவின் பதிலைக் காட்டினார். மூன்று வரி. கருவி என் பொறுப்பில் இருந்தது. விளக்கம் எதுவும் சொல்வதற்கில்லை. என்னைத் தெலுங்குப் பள்ளி எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம். "நான் இவளத்தான் எழுதி வெச்சிருந்தேன். இவளே கழுத்த நீட்டிட்டா. இனிமே நான் இன்னா பண்றது?" என்று பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வரதய்யபாளையத்துத் தெலுங்குப் பள்ளிக்கு அவளுக்கு ஆர்டர் வந்தது, தினமும் போய்வர முடியாத தூரம்.

அவள் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு படுக்கை. சுமதியைக் கூட்டிவரவில்லை. கார்வேட்டிநகரத்தில் தன் கணவர் வீட்டில் விட்டிருந்தாள். போகிற ஊரில் ஒரு விதவையம்மாள் வீட்டில் ஒண்டுக் குடித்தனம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "கூட்டியாந்தா பஸ்ஸ புடிச்சிக்கினு அழுவும்," என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"இன்னா எழுதறது?"

"மல மேல தண்ணி சீக்கிரம் கொதிக்கும்னு."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சிக்கினியா? எப்போ?"

"போன புதங்கெழமைக்கு முந்தின புதங்கெழமை."

"ரெண்டு வாரமா தெரியுமா உனுக்கு?" என்றாள். எத்தனையோ வருஷமாக நான் அவளைப் பார்த்திருக்கிறேன், அவள் முகம் அப்படி வாடி அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அறியாமல் செய்தேன் என்று நினைத்துத்தான் அவள் விட்டுக்கொடுத்திருந்தாள். தெரிந்தும் நான் வாய் மூடிக்கொண்டிருந்தது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பெரிய டீச்சர் அறைக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் பஸ் ஸ்டாண்டு. அவள் போகவில்லை.

பஸ் வந்தது. படியில் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் எழுதியிருந்தா உன்ன எந்த ஸ்கூல்லடி சேப்பாங்க? எனுக்குத் தெலுங்கு வரும். உஷ்ணத்த 'வேடி'ன்னு சொல்லிக்கினு பொழச்சிக்குவேன். உனுக்கு 'அ' கூட வராது." பிறகு, "அந்தப் பாடத்த மட்டும் இனிமேலாவது ஒழுங்கா நடத்து," என்றாள். படுக்கை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கினாள்.

ஒழுங்காக நடத்தினேன். அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு திருமலைப் பயணத்திலும் தெர்மாமீட்டரை எடுத்துப்போய், பெண்களை இருநூற்றுப் பன்னிரண்டு என்று கத்தவிட்டு, இருநூற்று ஏழைக் காட்டி, ஏன் என்று கேட்டேன். உங்களில் பலர் அங்கே நின்று கை தட்டியிருக்கிறீர்கள். எனக்கு 'இருநூத்தியேழு டீச்சர்' என்று பட்டப்பெயரே வைத்தீர்கள். மலைப் பாடத்தை என்னை மாதிரி யாரும் நடத்த முடியாது என்று நான் ஓய்வு பெற்ற நாளில் மேடையில் பேசினீர்கள். அது நான் யோசித்துச் செய்த பாடம் என்றுதான் இத்தனை வருஷமும் உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

வேதா வரதய்யபாளையத்தில் ஆறு வருஷம் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிற்றுக்கிழமை போவாள். பிறகு சித்தூருக்கு மாற்றல் கிடைத்து மகளை அழைத்துக்கொண்டாள். சுமதி கல்யாணத்தில் வரதய்யபாளையத்துத் தெலுங்குப் பிள்ளைகள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒரு பெண், "மா டீச்சரம்மா எண்டலோ நிலபெட்டி எண்ட குரிஞ்சி செப்பேவாரு," என்று என்னிடம் பெருமையடித்தாள். வெயிலில் நிற்க வைத்தே வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாளாம். சொந்த பாஷையில் நான் சம்பாதிக்காத பிள்ளைகளை இவள் அடுத்த பாஷையில் சம்பாதித்திருக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் எத்தனையோ முறை சந்தித்தோம். ஒரு தடவையாவது தெர்மாமீட்டர் விஷயத்தைக் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். குத்திக்காட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். என் சேலை நிறத்தைத்தான் குறை சொன்னாள்.

அவள் பாடம் நடத்தியதற்குப் பொறாமைப்பட்டேன், பிள்ளைகள் அவளைச் சுற்றியதற்குப் பொறாமைப்பட்டேன். இன்றைக்கும் அடங்காத பொறாமை ஒன்று உண்டு. அந்த மூன்று வரியை எழுத அவளுக்கு முடிந்தது. ஐந்து நிமிஷம் நடந்துபோய் ஒரு வரி சொல்ல எனக்கு முடியவில்லை.

சுமதி, உன் அம்மா உன்னை விட வேலையைப் பெரிதாக நினைத்துப் போகவில்லை. அவளுக்குப் புத்தூரிலேயே வேலை இருந்தது. என் வேலை போகக்கூடாது என்று அதை விட்டுவிட்டுப் போனாள். யாருக்காகவோ என்னை விட்டாளே என்று நீ இன்னும் அவள் மேல் கோபப்படலாம், உனக்கு உரிமை உண்டு. ஆனால் கோபம் வந்து சேர வேண்டிய விலாசம் என்னுடையது.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், போனவரிடமிருந்து தான் பெற்றது இன்னது என்று எழுதுவார்கள். நல்ல குணம் என்பார்கள், ஒரு சொல் என்பார்கள். அவளுடைய குணம் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. என்னிடம் இருப்பது உன்னுடைய ஆறு வருஷம், சுமதி. நாலு வயதிலிருந்து பத்து வயது வரை நீ அம்மா வருவாளா என்று வாசலில் நின்ற அத்தனை சாயங்காலமும், நான் புத்தூரில் உன் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன்.